அற்புதசாமியின் அபினிக் கார்டு

பாலக்கரைப் பக்கம் 1950-களில் தையல் கடை வைத்திருந்தவர்களில் காஜா வியாகுலம்மாளைத் தெரியாதவர் கிடையாது. பொத்தான் துளையின் ஓரம் பிரிந்து வராமல் நூலால் நெருக்கிக் கட்டுவதற்குத்தான் காஜா எடுப்பது என்று பெயர். சட்டைக்கு ஆறு, ஏழோடு போய்விடும். கத்தோலிக்கச் சாமியார்கள் போடும் நீள வெள்ளை அங்கிக்கு மட்டும் முப்பத்து மூன்று. கிறிஸ்துநாதர் இந்தப் பூமியில் இருந்த வருஷங்கள் அத்தனை என்பதால் அப்படி. திருச்சியில் அப்போது சாமியார்களுக்கும் பஞ்சமில்லை, சாமியாராகப் படிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆகவே வியாகுலம்மாளுக்கு வேலைக்கும் பஞ்சமில்லை.

ஒரு தடவை ஓர் அங்கி தையல் கடைக்குத் திரும்பி வந்தது. மேலே பொத்தான் மிஞ்சுகிறது, போட இடமில்லை. கடைக்காரர் சகாயநாதன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முப்பத்திரண்டு துளைதான் இருந்தது.

“என்னக்கா, ஆண்டவரை ஒரு வருஷம் முன்னாடியே சிலுவையில ஏத்திட்டீங்களே,” என்றார்.

கடையே சிரித்தது. வியாகுலம்மாளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, வெயிலில் நின்றும் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அன்று வியாழக்கிழமை. வாரத்தில் அவளுக்கு ஆகாத நாள் அது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவாள். அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. பாலக்கரையில் குதிரை வண்டிகளுக்கு நடுவே முக்கி முனகிப் புறப்படும் பஸ், மெயின்கார்டு கேட் தாண்டியதும் ஓர் இரைச்சல் போட்டு வேகமெடுக்கும். காவிரிப் பாலம் வந்ததும் பஸ்ஸில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் திரும்புவார்கள். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்து, “நேத்தைவிடக் கூட” என்றோ “ஒண்ணும் சொல்லிக்கிறாப்ல இல்ல” என்றோ யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப்போல் பார்த்த ஊர் அது. அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. காவிரி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு போன வியாகுலம்மாள் நன்றாக இல்லை.

ஸ்ரீரங்கம் ரயிலடிப் பக்கத்துச் சந்து ஒன்றில் லைசென்ஸ் பெற்ற அபினிக் கடை இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அபினிக்கு அப்போது அரசாங்கமே கார்டு கொடுத்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து, அதிகாரி கையெழுத்துப் போட்ட கார்டைக் காட்டினால், அளந்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். வியாகுலம்மாள் கையில் இருந்த கார்டில் இருந்த பெயர் அற்புதசாமி. அவள் புருஷன்.

அற்புதசாமி மரம் அறுக்கிறவர். ஸ்ரீரங்கத்துக் கரையில் ஒரு மரவாடியில் வேலை. பெரிய மரத்தைக் குழிக்கு மேலே கிடத்தி, ஒருவர் மரத்தின் மேல் நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் நீள ரம்பத்தை மேலும் கீழுமாக இழுப்பார்கள். மேலே நிற்பவர் வீரமலை, பச்சைமலைக்காரர். கீழே நிற்பவர் அற்புதசாமி. அறுத்த தூள் எல்லாம் கீழே நிற்பவர் தலையில், கண்ணில், மூக்கில். பதினெட்டு வருஷம் அந்தத் தூளைச் சுவாசித்ததில் நெஞ்சு கெட்டு, இருமல் பிடித்துக்கொண்டது. இருமினால் ஒரு ஆள் உயரத்துக்கு உடம்பு தூக்கிப் போடும். இருமலை அடக்க டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் அந்த அபினி. காலையில் ஒரு மிளகளவு, மாலையில் ஒரு மிளகளவு.

வியாகுலம்மாளுக்கு அதைப் பழக்கியதும் அவர்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. இரண்டாவது பிரசவத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது. பால் கட்டி, காய்ச்சல் கண்டு, அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். வீட்டில் இருந்த ஒரே மருந்து அது. “ஒரு கடுகளவு போட்டுக்க வியாகுலம், ஒண்ணும் தெரியாது,” என்று தன் பங்கில் கிள்ளித் தன் கையாலேயே ஊட்டினார். அவர் சொன்னது சரிதான், ஒன்றும் தெரியவில்லை. உடம்பு வலியும் தெரியவில்லை, செத்த பிள்ளையின் முகமும் தெரியவில்லை. அதற்குப் பிறகு கழுத்து வலிக்கு, கண் வலிக்கு, மழைக்கு, மனசு சரியில்லாததற்கு என்று கடுகு வளர்ந்து மிளகாயிற்று.

1953-ல் டாக்டர், காற்று சுத்தமான இடத்துக்குப் போனால்தான் நெஞ்சு தாங்கும் என்றார். வீரமலை கூட்டிக்கொண்டு போனார். பச்சைமலையில் அவருடைய கம்பங்காட்டை ஒட்டிய ஒரு குடிசையில் அற்புதசாமி இருக்க ஏற்பாடாயிற்று. அபினிக் கடைக்காரர் கியாசுதீன் பாயிடம் சொல்லி, புருஷன் கார்டுக்கு வியாகுலம்மாள் வாங்கிக்கொள்ள அதிகாரியிடம் எழுதி வாங்கினார்கள். மாதம் ஒரு முறை வீரமலை மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு காந்தி மார்க்கெட்டுக்கு வருவார். அவரிடம் மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவாள்.

அந்தப் பொட்டலம் மாதத்துக்கு மாதம் மெலிந்தது. இதை நான் மழுப்பப் போவதில்லை, அவளே பின்னாளில் மழுப்பவில்லை. முதலில் தன் மிளகை மட்டும் எடுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு. பிறகு, மலைக்காற்றில் அவருக்கு இருமல் குறைந்திருக்கும், இவ்வளவு எதற்கு என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

1955 ஆடியில் மார்க்கெட்டுக்கு வந்த வீரமலை மூட்டையை இறக்கவில்லை. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணன் போயிட்டாரும்மா. எட்டு நாளாச்சு. மழையில பஸ்ஸு இல்ல, வந்து சொல்ல முடியல. எங்க காட்டு ஓரத்துலயே வச்சிட்டோம். ரெண்டு கட்டையைக் குறுக்க கட்டி நட்டிருக்கேன், உங்க சாமிக்கு அதுதானே.”

அவள் கேட்டாள், “கஷ்டப்பட்டாரா?”

வீரமலைக்குப் பொய் சொல்லத் தெரியாது. “கடைசில மருந்து பத்தலம்மா. ரொம்ப இருமினாரு.”

அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தவள், வழியில் கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். தாலியைக் கழற்றியிருக்க வேண்டும். பதின்மூன்று வயது மகள் லூர்துராணியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அவர் ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. செத்தவருக்குக் கார்டு கிடையாது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கும் அதையே நினைத்தாள்.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளும் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி, கத்தோலிக்கர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோவில் பெட்டியில் போடுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவார். பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிற ஆத்துமங்களுக்குத் தங்கள் பெயர் காதில் விழுவது வெயிலில் கிடப்பவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் என்று வியாகுலம்மாளின் தாய் சொல்வாள். வியாகுலம்மாள் தன் அப்பா, அம்மா, அண்ணன் பெயர்களைக் கொடுத்தாள். அற்புதசாமி பெயரைக் கொடுக்கவில்லை. சாமியார் பட்டியலை முடித்துப் புத்தகத்தை மூடியபோது அவளுக்குக் காது அடைத்தது. ஊரில் உள்ள செத்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கிடைத்தது, தன் புருஷனுக்கு மட்டும் தான் கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அபினியை ஒளித்துவைத்திருந்த ஜெபமாலை டப்பாவைத் திறந்து ஒரு மிளகு கூடுதலாகப் போட்டுக்கொண்டாள்.

லூர்துராணி அப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படிக்கிற பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். உறையில் போட்டுப் பசை ஒட்டி, “வீரமலை மாமாகிட்ட குடுத்துடும்மா, அங்க வாத்தியார் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவாரு,” என்று கொடுப்பாள். வியாகுலம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதங்களைத் துணிப்பெட்டியின் அடியில், தன் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்தாள். “அப்பா நல்லா இருக்காராம். நீ நல்லாப் படிக்கணுமாம்,” என்று பதில் சொல்வாள். மகள் ஒவ்வொரு தடவையும், “வேற ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்பாள். வேறொன்றும் சொல்லவில்லை என்பாள். லீவுக்கு மலைக்குப் போகலாம் என்றால், மழை, பாதை சரியில்லை, அம்மை போட்டிருக்கிறது என்று ஏதாவது ஒன்று வந்துவிடும்.

அபினிக் கடையில் பெண் என்று வருகிறவர்கள் இரண்டே பேர். மற்றவர் கோமளவல்லி மாமி. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டு விதவை. நார்மடிப் புடவையைத் தலையோடு போர்த்துக்கொண்டு, ஆம்பிளைகள் போகும் வரை எதிர்ப்புறத்து வேப்பமரத்தடியில் நிற்பார். முழங்கால் வாதத்துக்கென்று ஆரம்பித்தது அவருக்கு. மரத்தடியில் நின்று நின்று இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிட்டது. தொட்டுக்கொள்ளமாட்டார், ஆனால் தொட்டுக்கொள்கிறவர்களைவிட அதிகம் விசாரிப்பார்.

“என்ன வியாகுலம், ஆத்துக்காரர் க்ஷேமமா இருக்காரா?”

“இருக்காரு மாமி.”

“மலைக் காத்தோன்னோ. ரங்கன் பாத்துப்பான்.”

வாரா வாரம் இந்த இரண்டு வரி. வாரா வாரம் வியாகுலம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். மாமி அதைப் புருஷன்மேல் உள்ள ஆசை என்று எடுத்துக்கொண்டார்.

1956 அக்டோபரில் கியாசுதீன் பாய் ஒரு புது விதியைச் சொன்னார். “கவர்மெண்ட்ல வருஷா வருஷம் குறைச்சுக்கிட்டே வர்றாங்கம்மா. இனிமே கார்டைப் புதுப்பிக்கணும்னா ஆளு நேர்ல வரணும். வர முடியாட்டி, ஆளு உயிரோட இருக்காருன்னு பெரிய மனுஷங்க யாராச்சும் எழுதிக் குடுக்கணும். உங்க சர்ச் ஃபாதர்கிட்ட வாங்கிட்டு வந்துடுங்க. நவம்பர் முதல் வெள்ளி கடைசி நாள்.”

சகாயநாதன் கடையில் பங்குச் சாமியாருக்குத் தைத்த அங்கி ஒன்று தயாராக இருந்தது. “நானே குடுத்துட்டு வரேன் தம்பி,” என்று வாங்கிக்கொண்டு போனாள். சாமியார் அங்கியை விரித்து, பொத்தானை எண்ணுவதுபோல் பாவனை செய்து, “முப்பத்து மூணும் இருக்கா?” என்றார். அந்தக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

“இருக்கு சாமி. எனக்கு ஒரு உதவி வேணும். எங்க வீட்டுக்காரருக்கு மருந்துக் கார்டு புதுப்பிக்கணும். அவரு இருக்காருன்னு ரெண்டு வரி எழுதிக் குடுக்கணும்.”

சாமியார் பேனாவை எடுத்தார். “இதுக்கென்ன. எப்படி இருக்காரு அற்புதசாமி? நம்ம கோவில் கதவு நிலையே அவரு அறுத்த மரம்தான்.”

“நல்லா இருக்காரு சாமி.”

ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டு, கோவில் முத்திரையும் குத்திக் கொடுத்தார். மை காய்வதற்காகக் காகிதத்தை ஆட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தவள், அங்கே மேசைமேல் கல்லறைத் திருநாளுக்கான பெட்டி வைத்திருப்பதைப் பார்த்தாள். பெயர்ச் சீட்டுப் போடுகிற பெட்டி. ஒரு கையில் அவர் உயிரோடு இருப்பதற்குச் சாமியாரின் சாட்சி, எதிரே அவர் பெயருக்காகத் திறந்திருக்கிற பெட்டி. தான் பொய் சொன்னது போதாது என்று பூசை வைக்கிற கையையும் பொய் எழுத வைத்துவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக வராமலிருந்த மாமி அந்த வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் நின்றார், முகம் தெளிவாக இருந்தது.

“வியாகுலம், நான் இன்னிக்கு வாங்க வரலை. கார்டைத் திருப்பிக் குடுக்க வந்தேன்.”

“ஏன் மாமி?”

மாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். “போன வருஷம் எங்காத்துல அவரோட திவசம். மச்சினர் பிள்ளைதான் பண்றான், தளிகை மட்டும் என் பொறுப்பு. இந்தச் சனியனைப் போட்டுண்டு மயக்கமா நின்னேன். சாத்துமுதுல, நீங்க சொல்ற ரசத்துல, உப்பை ரெண்டு தரம் போட்டிருக்கேன், திருக்கண்ணமுது பாயசத்துலயும் வெல்லத்துக்குப் பதிலா உப்பு. திவசத்துல சாப்பிடற ஸ்வாமிகள் தளிகையைப் பத்தி நல்லதும் சொல்லப்படாது, குறையும் சொல்லப்படாது. வாயைத் திறக்காம அத்தனையும் சாப்ட்டுட்டு எழுந்து போனா. அப்பறம் நான் வாயில வெச்சுப் பாத்தேன். தொண்டைக்குக் கீழ எறங்கலை.” போர்த்தியிருந்த புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார். “என் ஆத்துக்காரரும் அதைத்தானே சாப்ட்டுட்டுப் போயிருப்பார். வருஷத்துக்கு ஒரு வேளை. வாயைத் திறக்காம.”

வியாகுலம்மாள் கேட்டாள், “எப்படி மாமி விட்டீங்க?”

“ஒரே நாள்ல விட முடியுமோ? குப்பி வைத்தியம்தான். இருந்ததையெல்லாம் ஒரு குப்பி ஜலத்துல கரைச்சு வெச்சுண்டேன். தினம் காலம்பற ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். எடுத்த அளவுக்குத் தண்ணி விட்டு ரொப்பிடணும். குப்பி எப்பவும் நெறஞ்சே இருக்கும். காலியாறதே காலியாறதேன்னு மனசு அடிச்சுக்காது. மருந்து தானா வெளுத்துண்டே போகும். கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லலை. காலெல்லாம் நாய் கடிக்கறாப்ல இருக்கும். யாராவது பக்கத்துல இருந்தா நல்லது.”

கடையில் பாய் கேட்டார், “காகிதம் வாங்கிட்டீங்களாம்மா?” காகிதம் ரவிக்கைக்குள் குத்திக்கொண்டிருந்தது. “அடுத்த வாரம் கொண்டாரேன்,” என்று சொல்லிப் பழைய கார்டுக்கு உண்டான பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பாலத்தில் எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம் மகளைக் கூப்பிட்டாள். “ராணி, பேரு எழுதணும். சீட்டு எடுத்துட்டு வா.”

லூர்துராணி பேனாவோடு உட்கார்ந்தாள். தாத்தா பெயர், பாட்டி பெயர், பெரிய மாமா பெயர் என்று வருஷா வருஷம் எழுதுகிறதுதான். மூன்றையும் எழுதிவிட்டு மையை ஊதினாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றாள் தாய்.

“யாரும்மா?”

“அற்புதசாமி.”

பெண் பேனாவை வைத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தாள். “அது அப்பா பேரும்மா.”

“ஆமா. எழுது.”

பிறகு சொல்லத் தொடங்கினாள். வீரமலை வந்து சொன்ன நாளிலிருந்து ஒன்றையும் விடவில்லை. பொட்டலம் மெலிந்ததையும் சொன்னாள், மருந்து பத்தாமல் அவர் இருமியதையும் சொன்னாள். கடிதங்கள் பெட்டியடியில் இருப்பதையும் சொன்னாள். லூர்துராணி, “யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொன்னியா அதையெல்லாம்?” என்று மட்டும் கேட்டாள். “ஒண்ணையும் பிரிக்கலடி,” என்றாள் தாய். அந்தப் பெண் பேனாவை எடுத்து நாலாவது பெயரை எழுதினாள். அது மட்டும் முத்து முத்தாக இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு அடுத்த நாள், தெருவில் வெடிக் காகிதம் சிதறிக் கிடந்தது. மூன்று மணி பஸ் பாலக்கரையில் இரைந்துகொண்டு நின்றது. வியாகுலம்மாள் அதைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். அவள் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் அந்தப் பஸ்ஸில் ஏறச் சொன்னது. மகள் பத்தடி தள்ளி, பேசாமல் பின்னால் வந்தாள்.

சாமியார் புது அங்கியைப் போட்டிருந்தார். மெழுகுவத்திகளுக்கு நடுவே நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். வியாகுலம்மாளின் அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணன் பெயர். பிறகு குரல் நின்றது. சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்தில் அவளைத் தேடினார். பத்து நாளைக்கு முன்தான் இவர் உயிரோடு இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் மனுஷர். சகாயநாதன் திரும்பினார், அவர் சம்சாரம் திரும்பினாள், பாலக்கரையே திரும்பிப் பார்த்தது. வியாகுலம்மாள் எல்லோருக்கும் முன்னால் தாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“அற்புதசாமி,” என்று வாசித்தார் சாமியார். ஒரு தடவை நிறுத்தி, மறுபடியும் சத்தமாக, “அற்புதசாமி.”

அதன்பிறகுதான் அவள் அழுதாள். பதினைந்து மாதமாக அழாததையும் சேர்த்து அழுதாள்.

அந்தப் பொழுதோடு எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஊர் சும்மா இருக்குமா? செத்த புருஷன் பெயரில் அபினி தின்றவள் என்று குழாயடியில் வைத்துக் கிழித்தார்கள். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் என்ன சொன்னாரோ தெரியாது. வெளியே வந்தபோது அவர் கண்ணும் சிவந்திருந்தது. கியாசுதீன் பாய் கார்டை வாங்கிக்கொண்டு, “போயிட்டாரா,” என்று மட்டும் சொல்லிக் குறுக்கே கோடு போட்டார். மேலிடத்துக்கு ஒரு வார்த்தை எழுதி அனுப்பியிருந்தால் கேஸாகியிருக்கும். அவர் எழுதவில்லை. சகாயநாதன் இரண்டு மாதம் வேலை கொடுக்கவில்லை. கோபத்தால் இல்லை, அவள் கை ஊசியைப் பிடிக்கவில்லை.

ஜெபமாலை டப்பாவில் இருந்ததையும் கடைசிப் பொட்டலத்தையும் டானிக் பாட்டில் ஒன்றில் கரைத்து, குப்பி வைத்தியம் ஆரம்பமாயிற்று. முதல் வாரம் கறுப்பாக இருந்தது, மூன்றாவது வாரம் டீத்தண்ணியாயிற்று. இரண்டு தடவை ஸ்பூனை விட்டுவிட்டு பாட்டிலோடு வாயில் வைக்கப் போனாள். இரண்டு தடவையும் பாட்டிலைப் பிடுங்கியது லூர்துராணிதான். தாயோடு பேசாமலேயே கஞ்சி வைத்தாள், பேசாமலேயே காலைப் பிடித்துவிட்டாள், வயிற்றால் போனதைப் பேசாமலேயே கழுவிவிட்டாள். அளந்து விட்டதும் அவள், தண்ணீர் ஊற்றி நிரப்பியதும் அவள். கிறிஸ்துமஸ் அன்று பாட்டிலில் இருந்தது வெறும் பாலக்கரைக் குழாய்த் தண்ணீர். அதையும் பொங்கல் வரை ஸ்பூனில் குடித்துக்கொண்டிருந்தாள் வியாகுலம்மாள்.

அதற்குப் பிறகு அவள் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். காஜா எடுத்தாள், மகளை டீச்சருக்குப் படிக்க வைத்தாள், கட்டிக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் பழக்க தோஷத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, கோமளவல்லி மாமி வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு வருவாள். போகும்போதும் வரும்போதும் எல்லோரையும்போல் காவிரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். மறுபடியும் அவள் அபினியைத் தொடவில்லை.

ஆனால் 1957 தையில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

பொங்கல் கழிந்து வீரமலை வந்து இரண்டு பேரையும் மலைக்குக் கூட்டிப்போனார். கம்பங்காட்டு ஓரத்தில் அந்த மேடு இருந்தது. குறுக்கே கட்டிய கட்டையில் வீரமலை ரம்பத்தால் அறுத்த தடம் இன்னும் தெரிந்தது. லூர்துராணி பையிலிருந்து கடிதங்களை எடுத்தாள். பதினாலு உறை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

“அப்பாவுக்கு எழுதினது. அப்பாகிட்டதான் படிப்பேன்,” என்றாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு தாயின் காதுபட அவள் சொன்ன முதல் வாக்கியம் அது.

வீரமலை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். பெண் முதல் உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தாள்.

“அன்புள்ள அப்பாவுக்கு, ராணி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அப்பா, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன். அம்மா உங்கள் மருந்தைச் சாப்பிடுகிறார்கள். ஜெபமாலை டப்பாவில் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது அப்பா. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வீரமலை மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.”

இரண்டாவது உறையைக் கிழித்தாள். பரீட்சை மார்க், பள்ளிக்கூட விழா, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது. அதற்கடியில், “அம்மாவுக்கு இன்னும் நீங்கள் சொல்லி அனுப்பவில்லையே அப்பா.” மூன்றாவதிலும் அதுதான். நாலாவதிலும் அதுதான். வெயில் சாயும் வரை படித்தாள்.

வியாகுலம்மாள் மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு பதினாலு கடிதத்தையும் கேட்டாள். கடைசிக் கடிதம் அந்த அக்டோபரில் எழுதியது, மிகச் சின்னது.

“அப்பா, நீங்கள் வர முடியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் பேரை யாராவது அம்மாவிடம் சொன்னால் போதும். உங்கள் பேருக்கு அம்மா கட்டுப்படுவார்கள்.”

மகள் காகிதத்தை மடித்தாள். பிறகு நகர்ந்து வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.